இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி? திருச்சி – பலாலி தடத்தை வைத்து ஒரு செயல்முறை

திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் வந்து நிற்கும். ஓரிடத்தில் 184 கிலோமீட்டர், 44 நிமிடம் என்றிருக்கும். இன்னோரிடத்தில் 99 என்றிருக்கும், எந்த அலகில் என்று சொல்லப்பட்டிருக்காது. பயணச்சீட்டில் புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும். இவற்றில் எதுவும் பொய் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை என்பதுதான் சிக்கல். எந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு வரைபடமும் கைப்பேசியிலுள்ள கணிப்பானும் போதும். எந்த இரண்டு ஊர்களுக்கும் இந்தக் கணக்கை நாமே போட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாகத் திருச்சி – பலாலி தடத்தையே வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயரில் பலாலி 2019 அக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது; அதே ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கி, பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. குறுகிய தூரம், நடுவில் கடல், இரண்டு நாடுகள், சுழல்விசிறியால் பறக்கும் டர்போபிராப் விமானம் எனக் கணக்கைக் குழப்பக்கூடிய எல்லாமே இந்த ஒரு தடத்தில் இருப்பதால் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

நிலையத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

தூரக் கணக்கில் நேரும் பெரும்பாலான பிழைகள் கணிதத்தில் நேர்பவை அல்ல. தவறான புள்ளியிலிருந்து அளப்பதால் நேர்பவை. ஊரின் பெயரைக் கொடுத்தால் வரைபடம் ஊரின் நடுவைக் காட்டும், விமான நிலையத்தைக் காட்டாது. திருச்சியில் இதனால் பெரிய கேடில்லை; நிலையம் புதுக்கோட்டை சாலையில் நகரை ஒட்டியே இருக்கிறது. பலாலியோ யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வடக்கே, வடகரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 184 கிலோமீட்டர் தூரத்தில் 16 கிலோமீட்டர் என்பது ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் அல்ல.

ஆகவே நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டிலிருந்து தொடங்குவது நல்லது. திருச்சிக்கு டிஆர்இசட், யாழ்ப்பாணத்துக்கு ஜேஏஎஃப். திருவனந்தபுரத்தின் குறியீடு டிஆர்வி என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள். கடைசி எழுத்தொன்று மாறினால் தமிழ்நாட்டு நடுவிலிருந்து கேரளத் தென்முனைக்குப் போய்விடுவோம். விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு இன்னும் பாதுகாப்பானது. திருச்சிக்கு விஓடிஆர், பலாலிக்கு விசிசிஜே. இதில் முதல் இரண்டு எழுத்துகளே பகுதியைச் சொல்லிவிடுகின்றன: விஓ என்றால் தென்னிந்தியா, விசி என்றால் இலங்கை.

நேர்கோட்டுத் தூரம்

குறியீட்டைக் கொண்டு தேடினால் நிலையத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கும். திருச்சி நிலையம் வடக்கு 10.765 பாகை, கிழக்கு 78.710 பாகை, பலாலி வடக்கு 9.792 பாகை, கிழக்கு 80.070 பாகை. சில இடங்களில் பாகை, கலை, விகலை என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கலையை 60 ஆலும் விகலையை 3,600 ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டிக்கொண்டால் இந்தத் தசம வடிவம் வந்துவிடும். பாகையும் கலையுமாக எழுதப்பட்ட 10.45 என்பதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. பத்துப் பாகை 45 கலை என்பது 10.75 தான், 10.45 அல்ல. இந்த எடுத்துக்காட்டில் அந்த ஒரு தவறு 33 கிலோமீட்டர் பிசகவைக்கும்.

கணக்குக்கு அடிப்படையாக ஒரே ஓர் உண்மை போதும். அட்சரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, பூமியின் மேல் ஏறத்தாழ ஒரு கடல்மைல். விமானத்துறை இன்னும் கடல்மைலை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம், வரைபடமே அளவுகோலாகிவிடுகிறது. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். தீர்க்கரேகைக்கு மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படும், ஏனெனில் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. இரு நிலையங்களின் சராசரி அட்சரேகைக்குரிய கொசைன் மதிப்பால் பெருக்கினால் அந்த நெருக்கம் கணக்கில் வந்துவிடும். நம் பகுதியில் அது மிகச் சிறிய திருத்தம்: 8 பாகையில் 0.990, 10 பாகையில் 0.985, 13 பாகையில் 0.974. தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் 0.98 என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எண்களைப் போடுவோம். அட்சரேகை வித்தியாசம் 10.765 – 9.792 = 0.973 பாகை; 60 ஆல் பெருக்க 58.4 கடல்மைல் தெற்கே. தீர்க்கரேகை வித்தியாசம் 80.070 – 78.710 = 1.360 பாகை, 60 ஆல் பெருக்க 81.6, அதை 0.984 ஆல் பெருக்க 80.3 கடல்மைல் கிழக்கே. தெற்கே ஒரு பக்கம், கிழக்கே ஒரு பக்கம் என்று செங்கோண முக்கோணம் அமைந்துவிட்டது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99.3 கடல்மைல். அதை 1.852 ஆல் பெருக்கினால் 184 கிலோமீட்டர். தொடக்கத்தில் பார்த்த 184, 99 ஆகிய இரண்டும் ஒரே தூரம்தான் என்பது இங்கே தெளிவாகிவிடும். ஒன்று கிலோமீட்டரில், மற்றது கடல்மைலில். தரைமைலில் கேட்பவருக்கு 114 என்று சொல்லலாம்.

விடை கிடைத்ததும் அதை நம்பிவிடாமல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காக, சரியாகச் சொன்னால் வடக்கிலிருந்து 126 பாகைத் திசையில், கோடு கிளம்புகிறது. கந்தர்வகோட்டைப் பக்கமாகச் சென்று, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே நுழைந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் நிலத்தை விட்டுவிடுகிறது. அதன்பிறகு பாக்கு நீரிணை. மறுகரையைக் கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம் தொட்டவுடன் பலாலி வந்துவிடுகிறது. மொத்தத் தூரத்தில் ஏறத்தாழப் பாதி கடலின் மேல். வரைபடத்தில் போட்ட கோடு இப்படித் தெரிந்த ஊர்களின் வழியாகப் போனால் எண்ணும் சரியாகத்தான் இருக்கும். கோடு மன்னார் பக்கம் போயிருந்தால் அட்சரேகையையோ தீர்க்கரேகையையோ மாற்றி எழுதிவிட்டோம் என்று பொருள்.

சென்னை – பலாலித் தடத்துக்கு இதைவிடவும் எளிய கணக்கு போதும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, சென்னை 80.16, பலாலி 80.07. ஆகவே அட்சரேகை வித்தியாசமான 3.19 பாகையை 60 ஆல் பெருக்கினாலே போதும்: 191 கடல்மைல், ஏறத்தாழ 353 கிலோமீட்டர்.

இந்தச் செங்கோண முக்கோணக் கணக்கு பூமியைத் தட்டையாக எண்ணிக்கொள்கிறதே என்ற ஐயம் எழுவது நியாயம். சில நூறு கிலோமீட்டர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக்கூடப் பிழை பெரிதாவதில்லை. திருச்சி – சிங்கப்பூருக்கு இதே முறையில் கணக்கிட்டால் கோளக் கணக்கு தரும் 2,980 கிலோமீட்டருக்கு மிக அருகிலேயே விடை வருகிறது. வடக்கே வெகுதூரம் போகும் தடங்களில்தான் முறை கைவிடுகிறது. சென்னை – லண்டன் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியின் நீளம், ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். தட்டைக் கணக்கு 8,700 என்று காட்டும். அத்தகைய தடங்களுக்குப் பெருவட்டத் தூரம் தரும் கணிப்பானைப் பயன்படுத்துங்கள்.

விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை

நேர்கோட்டுத் தூரம் என்பது இதற்குக் குறைவாகப் போக முடியாது என்ற எல்லை மட்டுமே. உண்மையான பாதை எப்போதும் அதைவிட நீளம். வான்வழித்தடங்கள் குறிப்பிட்ட புள்ளிகளின் வழியாக அமைக்கப்பட்டிருப்பதும், சென்னைக் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு விமானம் ஒப்படைக்கப்பட வேண்டியிருப்பதும் ஒரு காரணம். குறுந்தடங்களில் அதைவிடப் பெரிய காரணம் ஓடுபாதையின் திசை.

ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தது. திருச்சி ஓடுபாதை 09/27, அதாவது கிழக்கு மேற்காக அமைந்தது. பலாலி 05/23, வடகிழக்கு தென்மேற்காக அமைந்தது. விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். ஆடி மாதத்து மேல்காற்று வீசும்போது திருச்சியில் விமானம் மேற்கு நோக்கி ஏறுகிறது. போகவேண்டிய ஊர் தென்கிழக்கே இருக்க, முதலில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, பிறகு வளைந்து திரும்ப வேண்டும். அதே நாளில் பலாலியில் தென்மேற்குக் காற்று. 23 ஆம் ஓடுபாதையில் இறங்க வேண்டுமானால் வடகிழக்கிலிருந்து வர வேண்டும். திருச்சியிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, வந்த விமானம் நிலையத்தைத் தாண்டிக் கடலின் மேல் சுற்றிவந்தே நேர்கோட்டில் சேரும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை பாதி மாறுகிறது. திருச்சியில் கிழக்கு நோக்கி ஏறினால் அப்படியே வழிக்கு வந்துவிடலாம்; பலாலியில் 05 ஆம் ஓடுபாதைக்குத் தென்மேற்கிலிருந்து நுழைய வேண்டியிருக்கும். ஒரே தடத்தில் ஒரே விமானம் ஐப்பசியில் எடுக்கும் நேரமும் ஆடியில் எடுக்கும் நேரமும் சில நிமிடங்கள் வேறுபடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து, குறுந்தடங்களில் நேர்கோட்டுத் தூரத்தோடு பத்து விழுக்காடு கூட்டிக்கொள்வது என் வழக்கம். 99 கடல்மைல் 109 ஆகிறது.

எந்த விமானம் என்று பாருங்கள்

தானாகக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் பெரும்பாலும் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவிலான ஜெட் வேகத்தை எல்லாத் தடங்களுக்கும் பொதுவாக வைத்து, அதோடு ஓர் அரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகின்றன. 184 கிலோமீட்டருக்கு அந்தச் சூத்திரப்படி 14 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 44. முதலில் பார்த்த 44 நிமிடம் இப்படிப் பிறந்ததுதான். ஆனால் பலாலிக்குப் பறப்பது ஜெட் அல்ல. ஏடிஆர் 72 என்ற இரட்டை டர்போபிராப் விமானம். இண்டிகோவில் 78 இருக்கைகளும் அலையன்ஸ் ஏரில் 70 இருக்கைகளும் கொண்ட அந்த விமானத்தின் உச்சப் பயண வேகம் ஏறத்தாழ 275 நாட். நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம். 275 நாட் மணிக்கு 510 கிலோமீட்டர் ஆகிறது. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் உயரத்தில் 450 நாட், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும்.

ஆகவே முன்பதிவுப் பக்கத்தில் விமான வகை எது என்று பார்க்காமல் நேரக் கணக்கில் இறங்குவதில் பயனில்லை. ஏடிஆர் என்று குறிப்பிட்டிருந்தால் 275 நாட். ஏ320, போயிங் 737 என்றிருந்தால் 450 நாட். (1947 டிசம்பரில் ஏர் சிலோனின் டகோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தபோது மணிக்கு 290 கிலோமீட்டர் அளவு வேகமே இருந்தது. அந்த வேகத்திலும் திருச்சி – பலாலித் தூரத்தை 38 நிமிடத்தில் கடந்துவிடலாம். குறுந்தடங்களில் வேகம் பெருகியும் பயண நேரம் அவ்வளவாகச் சுருங்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.)

பறக்கும் நேரமும் பிளாக் நேரமும்

109 கடல்மைலை 275 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்கினால் 24 நிமிடம். சுத்தமான பறத்தல் கணக்கு இவ்வளவே. ஆனால் அட்டவணையில் அச்சாவது இதுவல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடி முதல் மறுநிலையத்தில் நின்று சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்படும் நொடி வரையிலான நேரத்தையே விமான நிறுவனங்கள் அச்சிடுகின்றன. பிளாக் நேரம் என்று சொல்லப்படுவது இதுதான்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், குறுந்தட விமானப் பயணத்தின் இயல்பே புரிந்துவிடும். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை முனைவரை தரையில் ஊர்ந்து செல்லவும், அனுமதிக்காகக் காத்திருக்கவும் பத்து நிமிடம் ஆகலாம். ஏறும்போது விமானம் பயண வேகத்தைவிடக் கணிசமாகக் குறைந்த வேகத்திலேயே முன்னேறுகிறது. அதில் ஐந்து நிமிடம் போகிறது. இறங்குவது இன்னும் நீண்ட வேலை. மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 300 அடி உயரம் குறைகிறது. 15,000 அடியிலிருந்து தரைக்கு வர 50 கடல்மைல் வேண்டும். மொத்தத் தடமே 99 கடல்மைல் என்னும்போது, பாதி வழியில், அதாவது மல்லிப்பட்டினக் கரையைத் தாண்டிய கையோடு, விமானம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்றாகிறது. ஏற்றமும் இறக்கமும் போக, சீரான வேகத்தில் மட்டமாகப் பறக்கும் பகுதி மிகக் குறைவு. வேகம் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வந்துசேர்வதில் ஏழெட்டு நிமிடமும், இறங்கியபின் தரையில் ஓடுவதில் ஐந்து நிமிடமும் கூடுகின்றன.

எல்லாவற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 நிமிடம். இந்த 30 நிமிடம் தூரத்தைப் பொறுத்து மாறுவதில்லை. 100 கடல்மைலுக்கும் அதே 30, 400 கடல்மைலுக்கும் அதே 30. ஆகவே கைக்கணக்கு இதுதான்: நேர்கோட்டுத் தூரத்தோடு பத்து விழுக்காடு கூட்டி, விமானத்தின் வேகத்தால் வகுத்து, வரும் நிமிடங்களோடு 30 சேர்க்க வேண்டும். திருச்சி – பலாலிக்கு 24 + 30 = 54 நிமிடம்.

கணக்குச் சரியா என்று சென்னை – பலாலித் தடத்தில் உரசிப் பார்க்கலாம். 191 கடல்மைலோடு பத்து விழுக்காடு கூட்ட 210. அதற்கு ஏடிஆர் வேகத்தில் 46 நிமிடம். 30 சேர்த்தால் 76. அந்தத் தடத்தின் அட்டவணை நேரமும் ஒன்றேகால் மணியை ஒட்டியே இருக்கிறது. தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியும் நேரம் 22 நிமிடம் மட்டுமே கூடுவதைக் கவனியுங்கள்.

சென்னை – திருச்சி 159 கடல்மைல், 294 கிலோமீட்டர். இதே முறையில் ஏடிஆருக்கு 68 நிமிடமும் ஜெட்டுக்கு 53 நிமிடமும் வரும். நடைமுறையில் அந்த 15 நிமிட மிச்சமும் முழுதாகக் கிடைப்பதில்லை. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் தன் இயல்பான உயரத்துக்கு ஏறி முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்கும் வேளை வந்துவிடுகிறது. ஜெட் என்பதற்காக மட்டும் கூடுதல் கட்டணம் கொடுப்பது இந்தத் தூரத்துக்குத் தேவையற்றது என்பது என் கருத்து.

காற்றைப் பற்றிப் பலரும் மிகையாகக் கவலைப்படுகிறார்கள். எதிரே 30 நாட் காற்று வீசினால் 275 என்பது 245 ஆகிறது. 99 கடல்மைலுக்கு 22 நிமிடம் என்பது 24 ஆகும். பின்னாலிருந்து அதே காற்று தள்ளினால் இரண்டு நிமிடம் மிச்சமாகும். பல மணி நேரப் பயணங்களில்தான் காற்று பெரிய கணக்கு. நம் குறுந்தடத்தில், ஓடுபாதையின் எந்த முனையைப் பயன்படுத்த வைக்கிறது என்ற வகையிலேயே காற்று நேரத்தை மாற்றுகிறது.

கடிகாரத்தைக் கழிக்கும்போது

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பயண நேரத்தை அறிய முயல்பவர்கள், இரண்டும் அந்தந்த ஊர் நேரங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. இலங்கை இடையில் சில ஆண்டுகள் அரை மணி முன்தள்ளி இருந்துவிட்டு 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்தோடு சேர்ந்துகொண்டது. ஆகவே திருச்சி – பலாலிக்கு நேராகக் கழித்தாலே போதும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே போகும்போது கடிகாரக் கழித்தலில் இரண்டரை மணி கூடியும், திரும்பும்போது குறைந்தும் தெரியும். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நேர வேறுபாடு தானாகவே அடிபட்டுப் போகும் என்பது எளிய வழி.

நேரடி விமானம் இல்லாதபோது

தூரமும் நேரமும் காட்டப்பட்டிருப்பதாலேயே அந்த இரு ஊர்களுக்கிடையே விமானம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கணிப்பான் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் எண் கொடுக்கும். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 95 கடல்மைல், 175 கிலோமீட்டர். ஏறக்குறைய திருச்சி – பலாலி அளவுதான். ஆனால் அங்கே நேரடிச் சேவை இல்லை. விமானத்தில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் சென்னை வழியாகப் போக வேண்டும்: மதுரை – சென்னை 416 கிலோமீட்டர், சென்னை – கோயம்புத்தூர் 403 கிலோமீட்டர். 175 கிலோமீட்டருக்குப் பதில் 819. இரண்டு பிளாக் நேரங்கள், இடையில் காத்திருப்பு, இரு முனைகளிலும் நிலையத்துக்குப் போய்வருவது எல்லாம் சேர்ந்தால் அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். சாலையில் ஏறத்தாழ 215 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்தில் பேருந்து கொண்டுபோய் விட்டுவிடும். இத்தகைய தடங்களுக்கு விமான நேரம் தேடுவதே வீண்.

கணக்கிடும் முறை இங்கேயும் அதுவே. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவே இணைப்பு விமானத்துக்கான நேரத்தைச் சேர்க்க வேண்டும். ஒரே பயணச்சீட்டாக இருந்தால் நிறுவனம் அனுமதிக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் போதும். தனித்தனிச் சீட்டுகளாக இருந்தால் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், நான் மூன்று மணி நேரத்துக்குக் குறைத்து வைக்க மாட்டேன்.

வாசல் முதல் வாசல் வரை

பலாலிக்குப் போவது வெளிநாட்டுப் பயணம். 24 நிமிடம் பறப்பதற்காகக் குடியேற்றச் சோதனை, சுங்கம், பாதுகாப்புச் சோதனை அனைத்தையும் கடக்க வேண்டும். ஆகவே மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தபின் இடநெருக்கடி குறைந்திருக்கிறது. இருந்தாலும் வளைகுடா, சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் சேர்ந்து புறப்படும் வேளையில் வரிசை நீளும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு அரை மணி, அங்கே மூன்று மணி, பிளாக் நேரம் ஒரு மணி, பலாலியில் வெளியே வர முக்கால் மணி, அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்கு அரை மணிக்குச் சற்று மேல். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் விமானம் உண்மையில் காற்றில் முன்னேறும் நேரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலோடு ஒப்பிட விரும்புபவர்களும் இதே முறையைக் கையாள வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று மீண்ட அந்தச் சேவை ஏறத்தாழ 60 கடல்மைல் தூரத்தைக் கடக்க நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்குச் சாலையில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இரண்டு முனைகளிலும் சோதனைகளைச் சேர்த்தால் கப்பல் பயணம் முழுநாள் வேலையாகிவிடுகிறது. நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ வசிப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவருக்குத் திருச்சி வந்து விமானம் ஏறுவதுதான் சுற்றுவழி. எந்த வீட்டு வாசலிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

பிளாக் நேரத்துக்கு இன்னொரு பயன்

பிளாக் நேரம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பது கைச்செலவையும் தொடும் விஷயம். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில் பயணிகளுக்குரிய இழப்பீடு தூரத்தைக் கொண்டு அல்லாமல் பிளாக் நேரத்தைக் கொண்டே வகுக்கப்பட்டிருக்கிறது. உரிய காலத்தில் அறிவிக்காமல் விமானம் ரத்தாகி, அதற்கான காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால், பிளாக் நேரம் ஒரு மணி வரையுள்ள தடத்துக்கு 5,000 ரூபாய், ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. தாமதத்திலும் அப்படியே: இரண்டரை மணி வரை பிளாக் நேரமுள்ள தடத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானாலே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும்.

சென்னை – திருச்சி போன்ற தடங்கள் சரியாக இந்த ஒரு மணி வரம்பின் விளிம்பில் நிற்கின்றன. ஏடிஆர் என்றால் 65, 70 நிமிடம். ஜெட் என்றால் 55, 60. விமான வகை மாறினால் இழப்பீட்டுப் படியும் மாறிவிடலாம். உங்கள் சீட்டிலுள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்து, எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பயண நாளுக்கு முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரத்தான விமானத்துக்காக முகப்பில் நின்று வாதாடும்போது கிலோமீட்டர் கணக்கு அங்கே செல்லுபடியாகாது.